கதவைத் தட்டுவது யார்? பொறுப்பு யாருடையது?



அடையாளக் கார்டுச் சோதனை என்றால் என்ன, அதை நடத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு, அதில் தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை இன்றைய உரையில் பார்ப்போம். இது வழக்கறிஞர்கள் மட்டும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அன்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறிய பின் ஈப்போவின் மலிவு வீடுகளுக்கும் சுங்கை சிப்புட், பத்து காஜா போன்ற ஊர்களுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் இது வீட்டுச் செய்தி.

உரிய பத்திரம் கையில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நம் முன்னோர் 1969ஆம் ஆண்டில் கண்டார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் பல வேலைகளுக்கு அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்று 1968இல் ஒரு சட்டம் வந்தது. பல ஆண்டுகள் இங்கே பால்மரம் சீவிப் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தவர்களில் பலர் அப்போது சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்களாகவே இருந்தார்கள். பாரம் நிரப்பத் தெரியவில்லை. அவசியத்தை எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. முடிவில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் கப்பலேறித் திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறு கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் பத்திரத்தின் மதிப்பு குறையவில்லை. ஆகவே முதலில் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. குடியுரிமை, நாட்டுக்குள் வருவது, நாட்டைவிட்டு வெளியேற்றுவது ஆகியவை கூட்டரசின் பொறுப்பு. ஊராட்சி மாநில அரசின் பொறுப்பு. ஈப்போ மாநகர் மன்றம் கடைக்கு லைசென்ஸ் கொடுக்கிறது, அங்காடியைக் கவனிக்கிறது, குப்பை எடுக்கிறது. லைசென்சை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்டால் அதை ரத்து செய்யலாம். ஆனால் இன்னார் இந்நாட்டவர், இன்னார் அல்லர் என்று தீர்மானிப்பது மன்றத்தின் வேலை அன்று. அது குடிநுழைவுத் துறையும் தேசியப் பதிவிலாகாவும் பார்க்கும் வேலை. கூட்டுச் சோதனைகளில் பல துறையினரும் ஒன்றாக வருவார்கள். அப்போது, "ஐயா, நீங்கள் எந்த இலாகா? அதிகாரச் சீட்டைக் காட்டுங்கள்" என்று பணிவோடு கேட்பது குற்றமாகாது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ரேலா ஒரு பாடம். சட்டவிரோதக் குடியேறிகள் என்று சந்தேகிக்கப்படுவோரைக் கைது செய்யும் அதிகாரம் 2005இல் இந்தத் தொண்டர் படைக்குத் தரப்பட்டது. சிறிதளவே பயிற்சி பெற்றவர்கள் நள்ளிரவில் வீடு புகுகிறார்கள் என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கண்டனம் எழுந்தது. 2012இல் வந்த புதிய சட்டம் அந்தக் கைது அதிகாரத்தை எடுத்துவிட்டது. நேற்று இருந்த அதிகாரம் இன்று இல்லாமற் போகலாம். இன்று இல்லாதது நாளை வரலாம். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, மிகவும் கவனிக்க வேண்டிய ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். ஆனால் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபடும் குடிமகன் அல்லாதவருக்கு அந்தக் கெடு 14 நாள். இந்த வித்தியாசத்தை நன்றாக எண்ணிப் பாருங்கள். இங்கேயே பிறந்த ஒரு பையன், பிறப்பைப் பதியாததால் அடையாளக் கார்டு இல்லாமல் வளர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் அகப்பட்டால் அவன் யார் என்பதை அவன் முகமோ பேச்சோ நிரூபிக்காது. ஒரு நாளா, பதினான்கு நாளா என்பதை வீட்டுப் பெட்டியில் இருக்கும் அல்லது இல்லாத ஒரு தாள் முடிவு செய்துவிடக்கூடும்.

சரி, அதிகாரிகளே தவறு செய்தால்? ஊராட்சி மன்றம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளைப் போன்றது. அது வழக்குத் தொடுக்கலாம். அதன்மேலும் வழக்குத் தொடுக்கலாம். அதற்காக எல்லா வழக்கும் வெல்லும் என்று எண்ண வேண்டாம். 1993 டிசம்பரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்ட வழக்கில், சாலை, வடிகால், கட்டடச் சட்டம் மன்றத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று கூட்டரசு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. மேலும், அரசாங்க அமைப்புகள்மீதும் அதிகாரிகள்மீதும் தொடுக்கும் வழக்குக்குக் கெடு உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அது 36 மாதங்கள். "பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கேன்" என்று காலம் கடத்தினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் கதவு மூடிவிடும். நாள், நேரம், இடம், வந்த இலாகா ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். போலீசில் ரிப்போர்ட் செய்து அதன் நகலை வாங்குங்கள். பிறகு ஈப்போவில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தை நாடுங்கள்.

நம் பக்கத்துப் பொறுப்பையும் மறக்கக்கூடாது. கூடுதல் வருமானத்துக்காக வீட்டில் ஓர் அறையை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்களிடம் பாஸ்போர்ட்டும் வேலை பெர்மிட்டும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் விட்டால், குடிநுழைவுச் சட்டம் வீட்டில் குடியிருப்பவரையும் தண்டிக்கும். பிடிபடும் ஒவ்வோர் ஆளுக்கும் 5,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று பேர் என்றால் அபராதமும் மும்மடங்கு. சில நூறு வெள்ளி வாடகைக்கு இது எவ்வளவு பெரிய விலை! அந்தத் தொழிலாளர்களும் நம் பாட்டன்மாரைப் போலப் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள்தாம். அவர்களை ஏசவும் வேண்டாம். பத்திரம் பார்க்காமல் குடிவைக்கவும் வேண்டாம்.

நேயர்களே, இந்த வாரமே வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொருவருடைய பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பத்திரம், அடையாளக் கார்டு ஆகியவை இருக்கின்றனவா? குழந்தை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். பன்னிரண்டு வயதானால் அடையாளக் கார்டு எடுத்துவிடுங்கள். ஏதேனும் குறை இருந்தால் பழைய தோட்டப் பள்ளியின் ஏடு, மருத்துவமனைச் சீட்டு, அண்டை அயலாரின் சாட்சி என்று கிடைப்பதையெல்லாம் திரட்டிக்கொண்டு பதிவிலாகாவுக்குச் செல்லுங்கள். சாட்சி சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.