முகம் எழுதி வாழ்வோர்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பை நாடித் தாயகம் விட்டு இம்மலையாள நாட்டிற்கு வந்தவர்கள் நாம். ஆகவே இன்று ஒரு பிழைப்பைப் பற்றியே பேச விழைகின்றேன். பிறர் முகத்தில் வண்ணம் தீட்டித் தம் வயிற்றைக் காப்போர் சிலர் இந்நாட்டில் உள்ளனர். கதகளி உலகில் அவர்களைச் சுட்டிக் கலைஞர் என்பர்.

பச்சை முகத்து நளனையும், செருக்கு மிக்க கத்தி வேடத்து இராவணனையும் கண்டு வியக்காதவர் நம்மில் யார்? அம்முகங்கள் பிறக்கும் இடம் அணியறை. நடிகர் முதலில் தம் கையாலேயே அடிப்படை வண்ணங்களை எழுதிக்கொள்வார். இதற்குத் தேப்பு என்று பெயர். பின்னர் அவர் பாயில் மல்லாந்து படுத்துவிடுவார். அப்போது சுட்டிக் கலைஞர் அவர் தலைமாட்டில் வந்து அமர்வார். அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த குழம்பைச் சிறு குச்சியால் எடுத்துத் தாடையின் ஓரமாக வைத்துக்கொண்டே போவார். முற்காலத்தில் மாவை மட்டுமே அடுக்கடுக்காக வைத்து விளிம்பை எழுப்பினர். பிற்காலத்தில் காகிதத்தை வளைவாக நறுக்கி ஒட்டும் முறை வந்தது. வேடம் முழுமை பெற மூன்று நான்கு மணி நேரம் ஆவதுண்டு. நடிகர் அதற்குள் ஓர் உறக்கமே உறங்கி எழுந்துவிடுவார். எழுதுபவருக்கோ இமை மூடவும் வழியில்லை.

இவ்வெண்ணிற விளிம்பு வெறும் அழகிற்காக அமைந்ததன்று. கதகளி நடிகர் வாய் திறந்து வசனம் பேசுவதில்லை; பாட்டைப் பின்னின்று பாடகர் பாடுகின்றனர். கண்ணும் கன்னமும் புருவமுமே பொருளை உரைக்க வேண்டும். விளக்கொளியில் தொலைவில் இருப்போரும் அவற்றைக் காணுமாறு முகத்திற்கு வரம்பு கட்டித் தருவது சுட்டி. இரு கன்னத்திற்கும் அது ஒத்திருத்தல் வேண்டும். ஆட்டம் முடியும் வரை பிளவாமலும் இருத்தல் வேண்டும். இத்திறம் சில நாளில் கைவருவதன்று. 1930ஆம் ஆண்டில் மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்தராஜாவும் நிறுவிய கேரளக் கலாமண்டலத்தில், நடிப்பையும் இசையையும் போலவே சுட்டியும் தனிக் கலையாகக் கற்பிக்கப்பெறுகின்றது.

இவர்கள் கையாளும் பொருள்களின் பெயர்கள் நம் செவிக்குப் புதியன அல்ல. மனயோலை என்பது மஞ்சள் நிறக் கனிமம். அதனோடு நீலத்தைச் சேர்த்துத் தேங்காய் எண்ணெய் விட்டு அரைத்தால் பச்சை வண்ணம் கிடைக்கும். சிவப்பிற்குச் சாயில்யம், அதனையே நாம் சாதிலிங்கம் என்கின்றோம். ‘அரிதாரம் பூசுதல்’ என்று நாம் சொல்கின்றோமே, அந்த அரிதாரமும் மஞ்சள் கனிமம் ஒன்றின் பெயரே! கனிமத்தின் பெயர் நாளடைவில் ஒப்பனைக்கே ஆகிவந்தது. ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். அரிதாரத்தில் ஆர்சனிக் உண்டு. சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு. இத்தகைய பொருள்களை அன்றாடம் கையாளும் தொழில் இது.

இனி, வருவாயைக் காண்போம். கோயில் திருவிழாக் காலத்தில் இரவுதோறும் வேலை இருக்கும். மழை தொடங்கினால் ஆட்டங்கள் அருகும். அதனால் முகம் எழுதக் கற்றவர் கோப்புப் பணியையும் கற்றுக்கொள்வதுண்டு. குமிழ மரத்தைக் குடைந்து கிரீடம் செய்வதும், அணிகளைப் பழுது பார்ப்பதும் அப்பணியில் அடங்கும். கொச்சி போன்ற நகரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக மாலையில் குறுகிய ஆட்டங்கள் நடைபெறுகின்றன. அங்கே ஒப்பனை செய்வதையே காட்சியாக அமர்ந்து காண்கின்றனர். அணியறையில் மறைந்திருந்த கைகள் இவ்வாறு சற்றே வெளிச்சம் பெற்றுள்ளன.

சிற்பி செதுக்கிய கல் அவன் மறைந்த பின்னும் நின்று அவன் திறத்தைப் பறைசாற்றும். முகம் எழுதுபவரின் படைப்போ விடியற்காலையில் எண்ணெயிலும் தண்ணீரிலும் கரைந்துபோகும். மறுநாள் எடுத்துக் காட்ட அவரிடம் ஒன்றும் இராது. எஞ்சுவன இரண்டே: கையில் பெற்ற கூலியும், பிறர் வாயில் வழங்கும் பெயரும். இவ்விரண்டிலும் நாம் குறை வைத்தால் அத்தொழிலுக்கு வேறு பற்றுக்கோடு ஏது? தம் மகனை அதில் விட எந்தத் தந்தை துணிவார்?

பெரியோர்களே! கதகளி அறிவிப்புகளில், அடியிலேனும், ‘சுட்டி’ என்று ஒரு வரி இட்டுக் கலைஞர் பெயரை அச்சிடும் வழக்கம் உண்டு. நம் நாடக அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள். கதை, வசனம், இயக்கம் யாவும் இருக்கும். தலைமை தாங்குவோர் பட்டியலும் நீண்டிருக்கும். ஒப்பனையாளர் பெயரை மட்டும் தேட வேண்டியிருக்கும்! முகம் சரியாக அமையாவிடில் அவரைக் கடிந்துகொள்கின்றோம். நன்கு அமைந்தால் நடிகரைப் பாராட்டுகின்றோம். விழா முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்தில், “கணக்குப் பார்த்துத் தருகிறோம்” என்று அவரை நிற்க வைப்பதும் நம்மவரிடம் காணாத வழக்கமன்று.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒப்பனையாளரின் கூலியை முன்னரே பேசி முடித்து, திரை தூக்குமுன் அவர் கையில் கொடுத்துவிடுவோம். நல்ல விளக்கும் காற்றும் உள்ள அறையை அவருக்கு ஒதுக்கி, அவசரப்படுத்தாமல் போதிய நேரமும் அளிப்போம். அடுத்த ஆண்டு மலரில் நடிகர் பெயரை அச்சிடும் அதே பக்கத்தில் அவர் பெயரையும் அச்சிடுவோம். இவற்றால் நம் கருவூலம் வற்றிவிடாது. ஒரு குடும்பத்தின் அடுப்போ தவறாமல் எரியும்.

வேற்றூரில் உழைத்து வாழ்வதன் அருமை அறிந்தவர்கள் நாம். பிறர் உழைப்பின் அருமையையும் அறிந்து போற்றுவோமாக.