கோட்பாட்டுப் பௌதிகம் கற்க விரும்புவோர்க்கு



சென்ற கோடையில் என் சொந்த ஊராகிய போளூருக்குச் சென்றிருந்தேன். ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகளை நெய்யும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் பல உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெண் என்னைத் தேடி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவள். "தாத்தா, எனக்குக் கோட்பாட்டு இயற்பியல் படிக்க ஆசை. அது என்ன படிப்பு, சோறு போடுமா என்று அப்பா கேட்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றாள். தந்தையும் உடன் வந்திருந்தார். ஒரே தறியின் வருமானத்தில் மக்களைப் படிக்க வைப்பவர் அப்படிக் கேட்பது நியாயமே. அன்று அவ்விருவருக்கும் கூறியவற்றையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன்.

நாங்கள் பௌதிகம் என்று கற்றதையே நீங்கள் இயற்பியல் என்கிறீர்கள். அதில் சோதனை செய்து அறிவது ஒரு பகுதி. கணிதத்தின் துணையால் சிந்தித்து அறிவது மற்றொரு பகுதி. பின்னதே கோட்பாட்டுப் பௌதிகம். ஓர் எளிய உதாரணம் பாருங்கள். நூலில் கல்லைக் கட்டி ஊசலாட விடுகிறோம். ஒருமுறை சென்று திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? நூலின் நீளத்தை மீட்டரில் அளக்கிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை, ஒரு வினாடியின் வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர் என்று அளக்கிறோம். இவ்விரண்டையும் கொண்டு வினாடி என்னும் அலகைப் பெற ஒரே வழிதான் உண்டு. நீளத்தை முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் காண்பதே அது. கல்லின் எடைக்கு அங்கே இடமே இல்லை! நூலை நான்கு மடங்கு நீட்டினால் நேரம் இரு மடங்காகும். கல்லைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துவிட்டது.

தந்தையின் முகம் சற்றுத் தெளிந்தது. அவருடைய தொழிலிலும் இதற்கு ஒப்பான செயல் உண்டு அல்லவா? சேலையின் கரையில் வரவேண்டிய அன்னத்தையும் மயிலையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். பிறகு அதன்படி ஜக்கார்டு அட்டைகளில் துளையிடுகிறார்கள். அதற்குப் பின்னரே தறி ஓடுகிறது. தாளில் ஒரு கட்டம் தவறினால் அத்தவறு சேலையில் தெரிந்துவிடும்.

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. 1925-ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற இளைஞர் சேர்ந்தார். கணிதத்தில் அவருக்கு மிகுந்த நாட்டம். தந்தையாருக்கோ மகன் ஐ.சி.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்ற எண்ணம். இறுதியில் அவர் பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் பயின்றார். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவரது நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர் நேரில் சென்று கண்டார். தாம் கற்ற அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்றும், புதிய குவாண்டம் இயக்கவியல் பிறந்துவிட்டது என்றும் அங்கே கேள்விப்பட்டார். கற்றதெல்லாம் வீண் என்று மனம் தளராமல் புதியதைக் கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, பட்டம் பெறுமுன், அவரது கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இடம்பெற்றது.

1930-இல் மேற்படிப்புக்காகக் கப்பலேறினார். அப்பயணத்தில் அவர் செய்த கணக்கின் வழியே ஒரு பேருண்மை வெளிப்பட்டது. எரிந்து ஓய்ந்து வெண்குறளி ஆன விண்மீனின் எடைக்கு ஓர் எல்லை உண்டு. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. 1935-இல் எடிங்டன் என்ற பெரும் வானியலறிஞர் சபை நடுவே இதை மறுத்து நகையாடினார். ஆயினும் கணக்கு நிலைத்தது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் 1962-இல் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பெற்றபோது அவ்விழாவிலும் அவர் கலந்து கொண்டார்.

இனி என் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லூரி நாட்களில், 'கோட்பாடு கற்பவனுக்குச் சோதனைச் சாலை எதற்கு?' என்று இறுமாந்திருந்தேன். ஊசலின் அளவுகளைச் சூத்திரத்திலிருந்தே கணக்கிட்டு ஏட்டில் எழுதினேன். தேர்வாளர் அவற்றைப் பார்த்து, "தம்பி, உன் கைக்கு மட்டும் பிழையே நேராதோ?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்று அடைந்த வெட்கமே பிறகு எனக்கு ஆசிரியரானது. இளங்கலைப் படிப்பில் கோட்பாட்டை மட்டும் தனியே கற்க இயலாது, கற்கவும் கூடாது. இயக்கவியல், மின்காந்தவியல், வெப்பவியல், குவாண்டம் இயக்கவியல் ஆகிய நான்கும் தூண்கள். நுண்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் அவற்றின் அடித்தளம். சோதனைச் சாலை நம்மைப் பொய் சொல்லவிடாத நீதிமன்றம்.

சோறு போடுமா என்ற கேள்விக்கும் நேராகவே விடை கூறினேன். பி.எஸ்ஸி. பட்டம் மட்டும் யாரையும் விஞ்ஞானி ஆக்காது. மேலும் இரண்டாண்டு எம்.எஸ்ஸி., அதன்பின் ஐந்தாண்டு அளவில் ஆராய்ச்சி என்று பாதை நீளும். ஆராய்ச்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. ஆனால் ஆராய்ச்சிப் பதவிகள் குறைவு, போட்டி மிகுதி. பயின்றவர்களில் பலர் ஆசிரியராகவும், கணிப்பொறித் துறையிலும் பணிபுரிகின்றனர். கணிதத்தில் பெற்ற பயிற்சி அங்கெல்லாம் பயன்படும். பொருள் விரைவில் வேண்டுவோர் வேறு படிப்பை நாடுவதில் இழிவு ஒன்றும் இல்லை.

"இந்தப் படிப்பு எனக்கு ஏற்றதா என்று எப்படி அறிவது?" என்றாள் அப்பெண். ஊசலை ஆட்டிப் பார்த்து வரச் சொன்னேன். மறுநாள் மாலை ஒரு தாளுடன் வந்தாள். கால் மீட்டர் நூலுக்குப் பத்து ஆட்டம் பத்து வினாடி. ஒரு மீட்டருக்கு இருபது வினாடி. கல்லை மாற்றியும் நேரம் மாறவில்லை. "ஆனால் தாத்தா, மிகவும் அகலமாக ஆட்டினால் ஒரு வினாடிக்கு மேல் கூடுகிறதே! நான்கு தடவை பார்த்துவிட்டேன். சூத்திரம் தவறா?"

நான் அவளிடம் அப்போது விடை கூறவில்லை. சூத்திரம் சிறு ஆட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அவளே ஒரு வாரத்தில் நூலகப் புத்தகத்திலிருந்து கண்டறிந்து வந்தாள். தந்தை என்னிடம், "இரவெல்லாம் தறி மரத்தில் கல்லைத் தொங்கவிட்டு எண்ணிக் கொண்டிருந்தாள், ஐயா. இனி நான் தடுக்கப் போவதில்லை" என்றார். இப்பொழுது அவள் பி.எஸ்ஸி. முதலாண்டு மாணவி.

நண்பர்களே, நூலும் கல்லும் எந்த வீட்டிலும் உண்டு. நீங்களும் இன்றிரவு ஆட்டிப் பாருங்கள். கணக்கும் காட்சியும் வேறுபடும் இடத்தில் உங்களுக்குச் சலிப்பு வருகிறதா, உறக்கம் பறிபோகிறதா என்று கவனியுங்கள். உறக்கம் பறிபோனால் இத்துறைக்கு வாருங்கள்.