வாடகைக் கட்டடத்துக்கு வரி நோட்டீஸ் வந்தால்
(சேவூரில் நடந்த டிரஸ்ட் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சொத்து வரி நோட்டீஸ் வந்தால், "கவர்மெண்ட் போட்டது, கட்டித்தானே ஆகணும்" என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். ஆனால் போட்ட வரி சரியா என்று கேட்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. திருப்பூரில் இருக்கும் ஒரே கடையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகத்தான் இதைப் பேசுகிறேன்.

2022 ஏப்ரலில் நகர்ப்புறங்களில் சொத்து வரியை உயர்த்தினார்கள். சென்னைக்கு வெளியே, 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு உயர்வு 25 சதவீதம். தொழிற்சாலைக்கு 75, வணிகக் கட்டடத்துக்கு 100. பிறகு 2024இல் இன்னொரு 6 சதவீதம். அந்த டிசம்பரில் திருப்பூர் வியாபாரிகள் கடையடைப்பே நடத்தினார்கள். அது நியாயம்தான். ஆனால் உங்கள் நோட்டீசில் அளவு தப்பாக இருந்தால், அதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கட்டடத்தை எந்த வகையில் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். கீழே பத்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் நடக்கிறது, மாடியில் நீங்கள் குடியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தத்தையும் வணிகம் என்று எழுதியிருந்தால் அது தப்பு. தையல் நடக்கும் இடம் தொழில், மாடி வீடு. அடுத்து டேப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டைத் தார்சுக் கட்டடம் என்று எழுதியிருக்கிறார்களா, பழைய கட்டடத்தைப் புதிது என்று போட்டிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

பள்ளிவாசல் பற்றிக் கேட்டார்கள். தொழுகை நடக்கும் இடத்துக்கு வரிவிலக்கு உண்டு. அதன் முன்னால் வாடகைக்கு விட்டிருக்கும் கடைகளுக்கு அந்த விலக்கைக் கேட்க முடியாது. கேட்டு அலைந்து நாளை வீணாக்க வேண்டாம்.

தப்பு இருந்தால், நோட்டீசில் சொன்ன கெடுவுக்குள் ஆணையாளர் பெயருக்கு மனு எழுதுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அதற்குக் கணக்கில்லை. வாடகை ஒப்பந்தம், மின் ரசீது, போட்டோ, பழைய வரி ரசீது ஆகியவற்றின் நகலை இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு உண்டு. அதற்குப் பிறகுதான் கோர்ட். எடுத்த எடுப்பில் வக்கீல் வேண்டியதில்லை. அதுவரை வரியை நிறுத்தி வைக்காதீர்கள். தாமதத்துக்கு அபராதம் ஏறும், மேல்முறையீட்டிலும் பாக்கியைத்தான் முதலில் கேட்பார்கள். "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துக் கட்டுங்கள்.

சேவூருக்குள் இருக்கும் கட்டடம் என்றால் ஊராட்சியின் வீட்டு வரி. அதற்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். மனுவும் ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், திருப்பூருக்கு அல்ல.

நோட்டீஸ் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நமது அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். மனு எழுதத் தெரிந்த இரண்டு தம்பிமார் இருப்பார்கள். அளந்த கணக்கைத் தாளில் குறித்துக்கொண்டு வந்தால் அன்றைக்கே எழுதி முடித்துவிடலாம்.