நாற்காலியில் அமர்ந்து பாடியவர்: சோதிரியா பெல்லுவின் வாழ்வும் பாட்டும்

1949 ஜனவரி 31ஆம் நாள் ஏதென்ஸ் நகரில், கரோலஸ் கூன் நடத்திவந்த கலை அரங்கில் ஒரு சொற்பொழிவு நடந்தது. பேசியவர் மானோஸ் ஹாட்ஜிடாகிஸ். பின்னாளில் ஆஸ்கர் பரிசு பெறப்போகும் இசையமைப்பாளர். அன்று அவருக்கு வயது 23. எடுத்துக்கொண்ட பொருள் ரெம்பெட்டிகோ. துறைமுகத்து மதுக்கடைகளிலும், கஞ்சாப் புகை சூழ்ந்த கூடங்களிலும், சிறைக் கொட்டடிகளிலும் வளர்ந்த நகர்ப்புறப் பாட்டு அது. வீட்டுப் பெண்கள் காதில் விழக்கூடாது என்று கனவான்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். பாட்டாளிகளின் போர்க்குணத்தை மழுங்கடிக்கிறது என்று இடதுசாரிகளில் பலரும் முகம் சுளித்தார்கள். அப்படிப்பட்ட பாட்டில் கிரேக்கத்தின் உயிர் இருக்கிறது என்று அந்த இளைஞர் வாதாடினார். வெறும் பேச்சோடு விடாமல் இரண்டு பேரை மேடைக்கே அழைத்துவந்து பாடவும் வைத்தார். ஒருவர் மார்கோஸ் வம்வகாரிஸ், புசூக்கி என்ற தந்தி வாத்தியத்தின் முதுபெரும் கலைஞர். மற்றவர் 27 வயதுப் பெண், சோதிரியா பெல்லு.

ரெம்பெட்டிகோவுக்கு நல்ல சமூகத்தின் கதவு திறந்த நாள் என்று இதை இசை வரலாறுகள் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் பெல்லு, தான் பாடிக்கொண்டிருந்த விடுதியிலேயே ஆட்கள் சூழ அடிபட்டிருந்தார். கதவு திறந்த கதையை இந்த அடியையும் சேர்த்துச் சொல்வதே முறை.

1921 ஆகஸ்ட் 22 அன்று எவியா தீவின் ஹல்கிடா நகரை அடுத்த ஹாலியா என்ற ஊரில் பெல்லு பிறந்தார். தாத்தா பாதிரியார். அவர் பெயரைத்தான் பேத்திக்கு வைத்தார்கள். தேவாலயத்துப் பாடல்கள் காதில் விழ வளர்ந்த பிள்ளை, பதின்பருவத்தில் பாடகி சோபியா வெம்போ நடித்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, பாடினால் இவளைப் போலப் பாட வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டது. வீட்டில் எதிர்ப்பு, அடி உதை. சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. கணவரும் கைநீட்டுகிறவர். கருவுற்றிருந்தபோது வாங்கிய அடியில் கரு கலைந்தது. பெல்லு அவர் முகத்தில் திராவகத்தை வீசினார். நீதிமன்றம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறை என்றது. மேல்முறையீட்டில் அது சில மாதங்களாகக் குறைந்தது. இந்தச் செயலை வீரமாக்கிப் பேசுகிறவர்களும் உண்டு, வாயே திறக்காமல் தாண்டிப்போகிறவர்களும் உண்டு. நடந்தது நடந்தது, அவரும் அதை மறைத்ததில்லை.

சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கு ஊரில் இடமில்லை. ஏதென்ஸுக்கு வண்டியேறினார். அது 1940 அக்டோபர். அந்த மாதம் 28ஆம் நாள் இத்தாலி கிரேக்கத்தின் மீது படையெடுத்தது. அடுத்த ஆண்டு ஜெர்மானியர் வந்தார்கள்; 1941–42 குளிர்காலத்தில் தலைநகரத் தெருக்களிலேயே மக்கள் பசியால் செத்து விழுந்தார்கள். அந்த நாட்களில் பெல்லு கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தார், மதுக்கடைகளில் கிதார் மீட்டிப் பாடினார். எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்தார், பிடிபட்டுச் சித்திரவதையும் பட்டார். 1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருச் சண்டைகளில் அவர் நின்றது இடதுசாரிகள் பக்கம்.

போர் முடிந்தபின் இசைத்தட்டுத் தொழில் மீண்டும் உயிர்பெற்றது. மதுக்கடையில் பெல்லு பாடக் கேட்ட நாடக ஆசிரியர் ஒருவர் வாசிலிஸ் சிச்சானிஸிடம் சொல்ல, 1947இல் பெல்லுவின் முதல் இசைத்தட்டு வந்தது. மதுக்கடையில் வாய் திறவாமல் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்த்து ஒரு பெண் கேட்கும் பாட்டு அது. சிச்சானிஸ் சட்டம் படிக்க வந்து புசூக்கியில் விழுந்தவர்; கஞ்சாவும் கத்தியும் நிறைந்த பழைய ரெம்பெட்டிகோவைக் காதலும் வறுமையும் பேசும் பாட்டாக மாற்றியதில் பெரும்பங்கு அவருடையது. மெட்டாக்சஸ் சர்வாதிகாரம் 1936இல் கொண்டுவந்த தணிக்கையும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

அந்தக் கால விடுதி மேடையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சுவரோரமாக ஓர் உயரமான பலகை மேடை. அதன்மேல் ஒரே வரிசையில் நாற்காலிகள். புசூக்கிக்காரர்கள், கிதார்க்காரர், உள்ளங்கை அகலமே உள்ள பக்லமாஸ் என்ற குட்டி வாத்தியம் வைத்திருப்பவர் என்று எல்லாரும் ஆண்கள், நடுவில் ஒரு பாடகி. முதலில் புசூக்கி மட்டும் தாளமில்லாமல் பாட்டின் இசைவழியைத் தேடி அலையும். நம் ஆலாபனையைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாகவே தோன்றாது. பிறகு தாளம் பிடிக்கும். ஒன்பது எண்ணிக்கை என்றால் ஸெய்பெகிகோ. காசு கொடுத்துப் பாட்டுக் கேட்டவர் எழுந்து தனியாக ஆடுவார். அது அவருடைய பாட்டு, வேறொருவர் குறுக்கே வந்து ஆடினால் கத்தி உருவும் அளவுக்குச் சண்டை மூளும்.

இந்த வரிசையில் மரிகா நினு போன்றவர்கள் எழுந்து நின்று, ஆடி, கூட்டத்தைக் கிறங்கவைத்தார்கள். பெல்லு நாற்காலியை விட்டு எழவில்லை. ஆடவில்லை, கண்ணடிக்கவில்லை. கனத்த கீழ்க்குரல், அழுகையே இல்லை. ஸ்மிர்னாவிலிருந்து அகதிகள் கொண்டுவந்த பாணியில் ரோசா எஸ்கெனாசி ஒரு சொல்லை வளைத்து நெளித்து அலங்கரிப்பார். பெல்லு அதே சொல்லை நேராக எடுத்து, நேராக வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் அவர் குரல் இன்னும் இறுகும். அவருடைய கலையின் பலம் முழுக்க இந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது என்பேன். கேட்பவர் அழுவதானால் தாமாகவே அழுதுகொள்ள வேண்டியதுதான்.

1948இல் இடதுசாரிகளுக்கும் அரசுப் படைக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. ‘குண்டன் ஜிம்மி’ என்று பெயர்பெற்ற விடுதியில் வலதுசாரிக் குண்டர் கூட்டம் ஒன்று முடியரசைப் போற்றும் பாட்டைப் பாடச் சொன்னது. பெல்லு மறுத்தார். வசைபாடி, எல்லார் முன்னிலையிலும் அடித்தார்கள். வரிசையில் உடன் உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவர்கூட எழவில்லை. அடியைவிட அதுதான் வலித்தது என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவை விட்டும் விலகினார். அதே ஆண்டில்தான், மேகம் கவிந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிய சிச்சானிஸின் புகழ்பெற்ற பாட்டு பதிவானது. முதன்மைக் குரல் புரோத்ரோமோஸ் சௌசாகிஸ், துணைக்குரல் பெல்லு. இன்றும் கிரேக்கர்கள் கூடிய இடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டு அது.

ஐம்பதுகளில் காற்று திசை மாறியது. இங்கே நமக்கு ஒரு சுவையான தொடர்பும் உண்டு. இந்திப் படங்கள் கிரேக்கத் திரையரங்குகளில் ஓடி, அவற்றின் மெட்டுகளில் கிரேக்கச் சொற்களை ஏற்றிப் பாடுவது பெரும் வியாபாரமானது. ஸ்டெலியோஸ் கசான்சிடிஸ் பாடி 1959இல் வெளிவந்த ‘மந்துபாலா’ நடிகை மதுபாலாவின் பெயரைத் தாங்கியது. மெட்டோ ராஜ்கபூரின் ஆவாரா படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டினுடையது. இப்படி வந்தவை நூறுக்கும் மேல் என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். சிச்சானிஸ் கடும் எரிச்சலோடு இதைச் சாடினார். பழைய பாணிக்காரர்கள் பலருக்கும் வேலை போனது. பெல்லுவையும் ஏறக்குறைய மறந்தே போனார்கள்.

1966இல் லிரா நிறுவனத்தின் அலெகோஸ் பாட்சிஃபாஸ் அவரை மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துவந்தார். பழைய பாடல்களை நீள்இசைத்தட்டுகளாகப் பாடச் செய்தார். பல்கலைக்கழக மாணவர்கள் வரிசைகட்டி வாங்கினார்கள். 1967 முதல் 1974 வரை நாட்டை ஆண்ட ராணுவ ஆட்சியின் கீழ், அடிபட்டும் வளையாத இந்தக் குரல் அந்தத் தலைமுறைக்கு வேறொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். 1972இல் தியோனிசிஸ் சவ்வோபூலோஸ், ராக் இசையின் பாதிப்பில் வளர்ந்தவர், தன் ஸெய்பெகிகோ ஒன்றை இவரிடம் கொடுத்தார். 1980இல் இலியாஸ் ஆண்ட்ரியோபூலோஸின் ‘மக்கள் புறநகர்கள்’, மறு ஆண்டு திமோஸ் முட்சிஸின் ‘அணை’ என்று புதிய இசையமைப்பாளர்கள் அவரைத் தேடிவந்தார்கள்.

பணம் வந்தது, வந்த வேகத்தில் சூதாட்டத்தில் போனது. குடியும் இருந்தது. பெண்களை நேசித்ததை, அந்தக் காலத்திலேயே, அவர் ஒளித்துவைக்கவில்லை. தொண்ணூறுகளில் மனநோய்க்கும் சிகிச்சை பெற்றார், பிறகு தொண்டைப் புற்றுநோய் குரலையே பறித்தது. 1997 ஆகஸ்ட் 27 அன்று, 76ஆவது பிறந்தநாள் கழிந்த ஐந்தாம் நாள், காலமானார். அவர் விருப்பப்படியே ஏதென்ஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்தில் சிச்சானிஸுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். 2017இல் ரெம்பெட்டிகோவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. 1947, 48 பதிவுகளை முதலில் கேட்கலாம்; கீறலும் இரைச்சலும் இருக்கும், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதே பாடல்களை 1966க்குப் பிந்தைய பதிவுகளில் கேட்டால் குரல் இன்னும் தடித்து, கனத்துப் போயிருப்பது தெரியும். சவ்வோபூலோஸின் பாட்டை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். மொழி புரியாவிட்டாலும் ஒன்பது எண்ணிக்கையை விரலில் போட்டுக்கொண்டே கேட்டால், அடியை எங்கே வேண்டுமென்றே தாமதித்து வைக்கிறார் என்பது இரண்டாம் முறையிலேயே பிடிபடும்.