மலையில் கண்டதைக் கொப்பியில் எழுதுவோம்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தை விட்டுவிட்டு இந்த வாத்தியார் சிறுத்தைக் கதை பேச வந்துவிட்டாரே என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் சொல்வது காதில் விழுகிறது. சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசுவார். அந்தச் சம்பளத்துக்காக நாம் இறங்குகிற மலையில் நமக்கு முன்னாலேயே வந்து படுத்திருப்பது எது என்று நான் பேசுகிறேன்.

போன மழைக்காலத்தில், கீழ் டிவிஷனில் காடாகிக் கிடக்கும் மலையோரத்தில் கொழுந்து பறித்த ஒரு அக்கா, இரண்டு குட்டிகளோடு சிறுத்தையைக் கண்டார். நாம் புலி என்றுதான் சொல்லுவோம். இந்த நாட்டில் புலி கிடையாது, அது சிறுத்தை. கங்காணியிடம் சொன்னார். அடுத்த வாரம் வேறு இருவர் கண்டார்கள். லயத்தில் இரண்டு நாய்கள் காணாமல் போயின. பற்றையை வெட்டித் தாருங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்கப் போனோம். "எந்தத் திகதி? எத்தனையாம் நம்பர் மலை?" என்று கேட்டார்கள். ஆளுக்கொரு நாள் சொன்னோம். பேச்சு அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு 80 பக்கக் கொப்பியைக் கொழுந்து மடுவத்தில் கட்டித் தொங்கவிட்டோம். திகதி, நேரம், மலை நம்பர், என்ன கண்டது. கண்ணால் கண்டதா, தடம் மட்டுமா, சத்தம் மட்டுமா. இவ்வளவுதான். எழுத வராத பாட்டிமார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

வெளியுலகில் இதை மக்கள் விஞ்ஞானம் என்கிறார்கள். 2008இல் கலிபோர்னியாவில் சில மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில், இன்று உலகெங்கும் சாதாரண மக்கள் தாம் கண்ட பூச்சி, பறவை, மிருகங்களைப் படத்தோடு பதிகிறார்கள். பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவர்கள் சொல்லித் தருகிறார்கள். போன் உள்ள தம்பிமார் அதிலும் போடலாம். ஆனால் கொப்பிக்கு டேட்டா தேவையில்லை.

நேரம் எதற்கு என்று கேட்கிறீர்கள். ஒரே சிறுத்தையை மூன்று பேர் கண்டால், லயத்துக்கு வந்து சேரும்போது அது மூன்று சிறுத்தையாகிவிடும்! நேரமும் மலை நம்பரும் இருந்தால் அந்தக் குழப்பம் குறையும். ஆய்வாளர்கள் பாதையின் இரு பக்கமும் தானியங்கிக் கமரா கட்டுகிறார்கள். ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிக்கோலமும் நம் கைரேகை மாதிரி வேறு வேறு. அதிலும் இடப்பக்கம் ஒரு கோலம், வலப்பக்கம் ஒரு கோலம். நமக்குக் கமரா இல்லை, தடம் இருக்கிறது. நாயின் தடத்தில் நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பெரும்பாலும் பதியாது. பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டியை வைத்துப் படம் எடுத்தால் அளவும் தெரியும். "ஒன்னுமில்ல சேர்" என்று ஒரு தம்பி பத்து நாள் எழுதாமல் விட்டான். ஒன்றுமில்லை என்பதையும் எழுத வேண்டும். எந்த மாதம் வந்தது, எந்த மாதம் போனது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கொப்பியின் பின்பக்கம் குளவிக்கு. நம் தோட்டத்தில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது சிறுத்தை அல்ல, குளவிதான். கூடு எந்த மரத்தில், எந்த மலையில் என்று எழுதியதைக் காலையில் பிரட்டுக்களத்தில் வாசிக்கிறோம். கூட்டை அகற்றாமல் அந்த மலைக்கு ஆள் அனுப்பாதே என்று கேட்க, இப்போது நம் கையில் கடதாசி இருக்கிறது.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. இலங்கைச் சிறுத்தை வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இல்லாத கிளையினம். வளர்ந்தவை 1,000க்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கம்பி கட்டுவது பன்றிக்குத்தான், எனக்குத் தெரியும். கிழங்குப் பாத்தியை ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் சிக்கியது சிறுத்தையென்றால் நீதிமன்றத்தில் நிற்கப் போவது நம் லயத்து ஆள்தான். ஆகவே கம்பியைக் கண்டால் இடத்தை எழுதுங்கள், யாருடைய பெயரும் வேண்டாம். கழற்ற வேண்டியதை நாமே பேசிக் கழற்றுவோம். பன்றி அழித்ததையும் எழுதுங்கள், வேலி கேட்க உதவும். மிருகம் உயிரோடு சிக்கியிருந்தால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள்.

இது விரும்பிச் செய்கிற வேலை. கொழுந்து பறிக்கும்போது கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். சிறுத்தையைத் தேடிக்கொண்டு யாரும் போகக்கூடாது, பிள்ளைகள் அறவே கூடாது. வேலை நேரத்தில் கணக்கெடுக்கச் சொல்லி நிர்வாகம் ஆள் அனுப்பினால் அதற்குப் பேர் போட வேண்டும். குட்டி கிடக்கும் இடத்தை முகநூலில் போடாதீர்கள், வேட்டைக்காரனிடமும் போன் இருக்கிறது. அருகிவரும் மிருகங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் மற்றவர்களுக்குக் காட்டாது, முகநூல் அப்படியல்ல. ஆய்வாளர்கள் கேட்டால் கொப்பியின் படியைக் கொடுப்போம். அவர்கள் கண்டுபிடித்ததை இங்கு வந்து தமிழில் நமக்குச் சொல்ல வேண்டும், அதுதான் நம் நிபந்தனை.

மூன்று மாதப் பதிவு சேர்ந்திருக்கிறது. கீழ் டிவிஷன் பற்றையைப் பற்றி எழுதும் கடிதத்தோடு அதையும் இணைத்து அனுப்பக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. மேல் டிவிஷன் கொப்பிக்கு இன்னும் ஆள் இல்லை. இரண்டு பேர் வேண்டும், ஒருவராவது கொழுந்து பறிக்கிற அக்காவாக இருந்தால் நல்லது. கூட்டம் முடிந்ததும் மாதர் சங்கத் தலைவியிடம் பெயரைக் கொடுங்கள்.