காய் நறுக்கும் பலகையிலேயே சூப் இருக்கிறது



காலிஃப்ளவர் வாங்கினால் பூவை மட்டும் உதிர்த்துக்கொண்டு, தண்டையும் இலையையும் குப்பையில் போடுகிறோம். கொத்தமல்லிக் கட்டில் தழையைக் கிள்ளிக்கொண்டு தண்டை எறிகிறோம். சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை வேகவைத்து, அது வெந்த தண்ணீரைச் சாய்த்துவிடுகிறோம். இத்தனைக்கும் காசு கொடுத்திருக்கிறோம். பிறகு பிள்ளைகள் சூப் கேட்கிறார்கள் என்று கடையில் பாக்கெட் வாங்கி வருகிறோம். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் சோள மாவு, சர்க்கரை, உப்பு இவைதான் முன்னால் நிற்கும். காய்கறியின் பங்கு மிகவும் குறைவு.

சூப் என்பது ஓட்டலில் குடிக்கிற பண்டம், வீட்டில் வைத்தால் செலவு என்றொரு எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. ஆனால் கொங்கு நாட்டு வீடுகளில் கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் கொட்டமாட்டார்கள், அதில் ரசம் வைப்பார்கள். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழில் பனங்கிழங்கு மாவோடு பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கீரை, சின்ன மீன், நண்டு எல்லாம் ஒரே பானையில் சேரும். கையில் இருப்பதைக் கொண்டு ஊருக்கே போதுமான பானை வைக்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்கள். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் இன்றைக்கு உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

சூப்புக்கு உயிர் அதன் தண்ணீர். காய் நறுக்கும்போது ஒதுக்குகிற தண்டு, காம்பு, கேரட்டின் தலைப்பகுதி, சின்ன வெங்காயத்தின் நுனி, பட்டாணித் தோல், முருங்கைக்கீரை ஈர்க்கு, மணிகளை உதிர்த்த மக்காச்சோளக் கட்டை ஆகியவற்றை நன்றாகக் கழுவி, ஒரு மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் சேர்த்து வாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கைப்பிடி சேர்ந்துவிடும். அதைக் குக்கரில் போட்டு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். நாலு பல் பூண்டைத் தோலோடு தட்டிப் போடுங்கள். அரை ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். இரண்டு விசில் போதும். வடிகட்டினால் இளம் பொன்னிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். குழைந்துபோன தக்காளி ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து வேகவையுங்கள். தக்காளியில் இயற்கையாகவே குளூட்டமேட் உண்டு. சில பாக்கெட் சூப்புகளில் சுவையைத் தூக்கிக் காட்டச் சேர்க்கிற பொருளும் அதுதான். நமக்கு அது ஒரு தக்காளியிலேயே கிடைத்துவிடுகிறது.

எல்லாவற்றையும் இதில் போட்டுவிட முடியாது. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தண்டுகளை அதிக நேரம் கொதிக்கவிட்டால் கந்தக வாடை கிளம்பும். வடிகட்டிய சாற்றில் பொடியாக நறுக்கிப் போட்டு, கடைசிப் பத்து நிமிடம் வேகவிட்டால் வாடை வராது. பாகற்காய், வெந்தயக்கீரை சேர்த்தால் வேறெந்தச் சுவையும் தெரியாது. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கையோ அதன் தோலையோ போடவே போடாதீர்கள். அதிலுள்ள சோலனின் என்ற நச்சு கொதிக்கவைப்பதால் போகாது. பூஞ்சை பிடித்த காய்க்கும் சூப்பில் இடமில்லை. நேற்றைய காய் என்பது வேறு, கெட்ட காய் என்பது வேறு.

வாழைத்தண்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவான சூப்புகளில் அதற்கு நிகர் கிடையாது. வெளிப்பட்டைகளை உரித்துவிட்டு உள்ளே வெள்ளையாக இருக்கும் தண்டை வட்டம் வட்டமாக நறுக்குங்கள். ஒவ்வொரு வட்டத்தை வெட்டும்போதும் மெல்லிய நார் இழுபடும். அதைக் கிள்ளி எறியாமல் ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனால், முடிக்கும்போது விரலில் நூல்கண்டு போலச் சேர்ந்திருக்கும். நறுக்கிய தண்டை உடனே மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும். பிறகு பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி வெந்த பாசிப்பருப்போடு வேகவைத்து, மிளகும் உப்பும் சேர்த்தால் சூப் தயார். அதைச் சாப்பிட்டால் அந்த நோய் தீரும், இந்த நோய் தீரும் என்று சொல்லி விற்பவர்களை நான் ஏற்கமாட்டேன். நார்ச்சத்து உள்ள நல்ல உணவு அது. அந்தத் தகுதியே அதற்குப் போதும்.

சூப் கெட்டியாக வேண்டுமானால் சோள மாவு தேவையில்லை. ஒரு கைப்பிடி சோற்றை மசித்துக் கரைத்துவிடுங்கள். வெந்த துவரம்பருப்பு, வேகவைத்த பரங்கிக்காய், ஊறவைத்து அரைத்த நிலக்கடலை, இவற்றில் எது இருந்தாலும் சரி. நிலக்கடலை சேர்த்தால் புரதமும் சேர்கிறது. வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதையே நான் முதலில் சொல்வேன்.

காய் வாங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். விவசாயிகள் நேரடியாகக் காய் விற்கும் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலில் தொடங்கியது. இப்போது தமிழகத்தின் பல ஊர்களில் இருக்கிறது. அது பெரும்பாலும் காலை நேரத்துச் சந்தை. வாரச்சந்தைக்கு மாலையில், கடை கட்டுகிற நேரத்தில் போனால், மிஞ்சிய காயைக் கூறு போட்டு விற்பார்கள். கோணலான கேரட், சிறுத்த பீட்ரூட், காம்பு வாடிய கத்தரிக்காய் எல்லாம் அந்தக் கூறில் இருக்கும். பொரியலுக்கு அழகு குறையலாம், சூப்புக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டி விற்கும் பரங்கிக்காய்க் கீற்று ஒன்று வாங்கினால் நாலு பேருக்குப் போதும்.

இனி மிஞ்சிய சமையல். இதில் நான் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். பருப்பு, கூட்டு, பொரியல், சாம்பார் எதுவானாலும், மிஞ்சும் என்று தெரிந்தால் சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதற்குள்ளாகவே வைப்பது நல்லது. தேங்காய் சேர்த்தது என்றால் இன்னும் சீக்கிரம் கெடும். மறுநாள் பயன்படுத்தும்போது நடுவிலும் குமிழியிட்டுக் கொதிக்க வேண்டும், வெதுவெதுப்பாக்கினால் போதாது.

சோற்றுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பாத்திரத்தில் வெளியே அப்படியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளரும். அது உண்டாக்கும் நச்சில் ஒருவகை, கொதிக்கவைத்தாலும் அழியாது. கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து அந்தச் சோற்றைச் சூப்பில் போடாதீர்கள். உடனே ஃப்ரிட்ஜில் வைத்த சோறுதான் இதற்கு ஆகும்.

மிஞ்சிய குழம்பில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகையால் எல்லாம் கொதித்து முடிந்த பிறகு ருசி பார்த்து, தேவையென்றால் மட்டும் உப்பு போடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காயும் கீரையும் வெந்த சாற்றைக் குடிக்க வேண்டாம்.

இறக்கியபின் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விடுங்கள். பரங்கிக்காயிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். எலுமிச்சையை மட்டும், சூப் கொஞ்சம் ஆறிய பிறகே பிழியுங்கள், வைட்டமின் சி சூடு தாங்காது.

நாளைக் காலை காய் நறுக்கும்போது பலகைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். எறியப்போகும் தண்டையும் காம்பையும் கழுவி அதில் போடுங்கள். அடுத்த நாள் ராத்திரிக்கு நாலு பேர் குடிக்கும் சூப் வைக்க அது போதும். பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பிடி நிலக்கடலையும் இரண்டு எலுமிச்சையும் வாங்கிக்கொள்ளுங்கள்.