குளிரில் ஈக்குச் சோறு போடும் கொடி

அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் குட்டி ஈயைப் பார்த்திருப்பீர்கள். அதன் உறவுக்கார ஈ ஒன்று கிழக்காசியாவில் உண்டு. ஆண் ஈயின் இறக்கையில் கறுப்புப் பொட்டு இருக்கும். 2008இல் அது இத்தாலி, ஸ்பெயின், கலிஃபோர்னியா என்று பல இடங்களில் தலைகாட்டியது. அழுகல் பழத்துக்காக இது காத்திருப்பதில்லை. பெண் ஈயின் வால் நுனியில் ரம்பம்போல் பல் வைத்த உறுப்பு ஒன்று இருக்கிறது. பழுத்துவரும் செர்ரி, ராஸ்பெர்ரியின் தோலை அதனால் கீறி, உள்ளே முட்டை வைத்துவிடும். புழு தின்னத் தின்னப் பழம் கொழகொழத்துப் போகும்.

சரி, ஐரோப்பாவின் குளிர்காலத்தில் தோட்டத்தில் பழமே கிடையாதே, அப்போது? ஈக்கள் நிறம் கறுத்து, முட்டையிடுவதை நிறுத்தி, காட்டோரச் சருகுக்குள் ஒடுங்கிக்கொள்கின்றன. வெயில் எட்டிப் பார்த்ததும் வெளியே வருகின்றன. செர்ரி பழுக்க இன்னும் நாளிருக்கிறது. அப்போது கைகொடுப்பது, அழகுக்காகச் சுவரில் படரவிட்ட ஐவிக் கொடியும், மரக்கிளையில் தொற்றி நிற்கும் புல்லுருவியும்தான். இவற்றின் பழங்கள் குளிர்காலக் கடைசியிலேயே கிடைக்கும். தோட்டத்துக்குள் மட்டும் மருந்தடித்து இந்த ஈயை ஒழிக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக ஐவியை ஒட்ட வெட்டிவிடலாமா? கூடாது; இலையுதிர்காலத்தில் மற்ற பூக்கள் ஓய்ந்த பிறகு தேனீக்கள் நம்பியிருப்பது ஐவியின் பூவைத்தான்.